கொரோனா மீட்பு நிதி: குக் கவுண்டிக்கு வந்த 100 கோடி டாலர் எங்கே போனது?

கேள்வி: 2024 நவம்பர் 18

சிகாகோ புறநகரில், குக் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) இருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு ஃபெடரல் அரசு எங்கள் கவுண்டிக்கு மட்டும் 100 கோடி டாலர் கொடுத்ததாம். என் தெருவில் குழி அப்படியே கிடக்கிறது, சொத்து வரி ஏறிக்கொண்டே போகிறது. ஆஃபீஸில் ஒருவர், மாதம் 500 டாலர் இலவசமாகக் கொடுத்தே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டார்கள் என்கிறார். இன்னொருவர், டிசம்பர் 31-க்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும், அதனால்தான் இப்போது வாரி இறைக்கிறார்கள் என்கிறார். எது உண்மை?

நவம்பர் 18, இரவு

எந்தப் பணம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். 2021 மார்ச் 11 அன்று பைடன் கையெழுத்திட்ட அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம், எல்லோரும் ஆர்ப்பா என்று சொல்வது. அதில் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் ஒதுக்கியது 35,000 கோடி டாலர். கவுண்டிகளின் பங்கு 6,510 கோடி, மக்கள்தொகைப்படி பிரித்தது. குக் கவுண்டியில் 50 லட்சத்துக்கும் மேல் மக்கள், அதனால் 100 கோடி. தலைக்கு 190 டாலர் அளவுக்கு வரும். நூறு கோடி என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் எதிர்பார்ப்பும் ஒரு அளவுக்கு வந்துவிடும்.

மாதம் 500 டாலர் விஷயம். அது 3,250 குடும்பங்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு. 3,250-ஐ 500-ஆல் பெருக்கி 24 மாதத்தால் பெருக்குங்கள்: 3.9 கோடி. நடத்தும் செலவும் சேர்த்து 4.2 கோடி ஒதுக்கினார்கள். நூற்றில் நான்கு. மீதித் தொண்ணூற்றாறைப் பற்றி உங்கள் ஆஃபீஸ்காரர் ஏன் பேசவில்லை என்று கேளுங்கள். விண்ணப்பித்தவர்கள் 2,33,000 பேருக்கு மேல், குலுக்கல் முறையில்தான் தேர்வு. எழுபது பேர் கேட்ட இடத்தில் ஒருவருக்குக் கிடைத்திருக்கிறது. இதை 'வாரி இறைத்தது' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெருக்குழி பெரும்பாலும் உங்கள் ஊர் மன்றத்தின் பொறுப்பு, கவுண்டியுடையது அல்ல. சொத்து வரி பில்லில் பெரும்பங்கு பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது. கவுண்டிக்குப் போவது அதில் சின்னப் பங்குதான். பில்லை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

நவம்பர் 19

டிசம்பர் 31 பற்றி எழுத விட்டுப்போனது. தேதி இரண்டு. 2024 டிசம்பர் 31-க்குள் பணத்தை ஒரு வேலைக்கென்று 'உறுதிசெய்து' இருக்க வேண்டும். அதாவது ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், அல்லது ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும். செலவழித்து முடிக்க 2026 டிசம்பர் 31 வரை நேரம் உண்டு. மன்றம் கூடி 'பூங்காவுக்கு இவ்வளவு' என்று பட்ஜெட்டில் ஓட்டுப் போட்டால் மட்டும் போதாது. ஒப்பந்தம் இல்லையென்றால் கணக்கில் வராது, பணம் திரும்பிப் போகும். இப்போது எல்லா ஊரிலும் கூட்டத்துக்குக் கூட்டம் ஒப்பந்தத் தீர்மானம் வருவது இதனால்தான்.

அவசரத்தில் போடுகிற ஒப்பந்தம் எல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்றரை ஆண்டு சும்மா இருந்துவிட்டு கடைசி ஆறு வாரத்தில் போடும் ஒப்பந்தத்தை யாராவது உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நவம்பர் 23

'பணம் எங்கே போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது' என்று கேட்டிருக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல முடியும். என்னைப் பொறுத்தவரை விஷயமே இதில்தான் இருக்கிறது.

சட்டம் நான்கு வழி கொடுத்தது. ஒன்று, நோய்த்தொற்றும் அதனால் வந்த பொருளாதாரப் பாதிப்பும். இரண்டு, ஆபத்தில் நின்று வேலை செய்தவர்களுக்குக் கூடுதல் ஊதியம். மூன்று, குடிநீர், கழிவுநீர், இணைய இணைப்பு. நான்கு, அரசுக்கு ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்டுவது. இயற்கைப் பேரிடரையும் சாலை வேலையையும் 2022 கடைசியில் சேர்த்தார்கள்.

முதல் மூன்றில் போனால், ஏன் செய்தோம், யாருக்குப் பயன், எவ்வளவு என்று எழுதிக் காட்ட வேண்டும். நான்காவதில் அந்தத் தொல்லை கிடையாது. வழக்கமாக அரசு செய்கிற எந்த வேலைக்கும் செலவழிக்கலாம். ஃபெடரல் அரசின் கருவூலத் துறை கேட்கும் அறிக்கையில் இதற்கு எண் 6.1, பெயர் 'அரசு சேவைகள்'. அந்த எண்ணுக்குள் போன பணத்தை வெளியிலிருந்து பின்தொடர்வது ரொம்பக் கஷ்டம்.

இழப்பை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையும் பாருங்கள். 2019 நிதியாண்டு வருவாயை அடிப்படையாக எடுத்து, அது ஆண்டுக்கு 5.2 சதவீதம் வளர்ந்திருக்கும் என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு ஊரின் வருவாய் ஒரு கோடி டாலர், அது அடுத்த ஆண்டு 3 சதவீதம் ஏறியது என்று வையுங்கள். நடைமுறையில் 3 லட்சம் கூடுதலாக வந்திருக்கிறது. விதிப்படி 5,20,000 கூடியிருக்க வேண்டும், அதனால் 2,20,000 டாலர் 'இழப்பு'. வருவாய் ஏறிய ஊரும் இழந்த ஊராகிவிடும்.

இந்தக் கணக்கும் பலருக்குத் தேவைப்படவில்லை. 2022 ஜனவரியில் கருவூலத் துறை வெளியிட்ட இறுதி விதி, எந்தக் கணக்கும் காட்டாமல் ஒரு கோடி டாலர் வரை இழப்பு என்று எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. சின்ன ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு வந்த மொத்தத் தொகையே ஒரு கோடிக்குக் கீழ். ஆக, வந்த பணம் முழுவதையும் ஒரே வரியில் 6.1 என்று எழுதிவிடலாம். எழுதினார்கள்.

நவம்பர் 24

ஃப்ளோரிடாவில் ஹோட்டல் கட்டினார்களே என்று ஒருவர் கேட்கிறார். ஆமாம், ப்ரோவர்ட் கவுண்டி. மாநாட்டு மையத்தோடு சேர்ந்த 800 அறை ஹோட்டலுக்கு இந்தப் பணத்தில் 14 கோடி டாலர் வைத்தார்கள். நியூயார்க்கில் டச்சஸ் கவுண்டி பேஸ்பால் மைதானத்தைப் புதுப்பிக்க 1.25 கோடி. அலபாமா மாநிலம் சிறை கட்ட 40 கோடி.

விதியே தடுக்கவில்லையா என்கிறீர்கள். மாநாட்டு மையம், மைதானம், புதுச் சிறை ஆகியவை நோய்த்தொற்றுக்கு ஏற்ற பதில் ஆகாது என்று அதே இறுதி விதி வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் அந்தத் தடை முதல் வழிக்குத்தான். நான்காவது வழியில், வருவாய் இழப்பு என்று எடுத்துக்கொண்டு போனால் தடை கிடையாது. முன்வாசலில் பூட்டுப் போட்டு, பின்வாசலைத் திறந்து வைத்துவிட்டார்கள்.

ஹோட்டல்தான் செய்தியில் வரும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, செய்தியில் வராத ஊர்களைப் பற்றி. ஹோட்டலாவது கண்ணுக்குத் தெரியும், வழக்குப் போடலாம், தேர்தலில் கேட்கலாம்.

நவம்பர் 30

சரி, என் ஊரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இருபதாயிரத்துக்கும் குறைவான மக்கள், அதனால் பணம் மாநிலம் வழியாக வந்தது. ஐம்பதாயிரத்துக்குக் குறைந்த ஊர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். தொகை இருபது லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல்.

ஊர் மன்றக் கூட்டத்துக்குப் போனேன். நிகழ்ச்சி நிரலில் 'ஒப்புதல் பட்டியல்' என்று ஒரு பகுதி இருக்கும். போன கூட்டத்தின் குறிப்பு, மாதச் செலவுச் சீட்டு, தெருத் திருவிழாவுக்கு அனுமதி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, விவாதம் இல்லாமல் ஒரே ஓட்டில் நிறைவேற்றுவது. அந்தப் பட்டியலில் ஆறாவது வரியோ ஏழாவது வரியோ, 'மீட்பு நிதியைப் பொது நிதியின் பொதுப் பாதுகாப்புச் சம்பளத்துக்கு ஒதுக்கும் தீர்மானம்' என்று இருந்தது. பொது நிதி என்பது ஊரின் வழக்கமான செலவுக் கணக்கு, பொதுப் பாதுகாப்பு என்றால் இங்கே போலீஸ். அதற்கு மேலே பூசணிக்காய் திருவிழாவுக்குத் தெரு மூடும் தீர்மானம். 'ஆட்சேபம் உண்டா? இல்லை. நிறைவேறியது.' முழுப் பட்டியலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். எழுந்து கேட்டேன்: போலீஸ் சம்பளம் ஏற்கெனவே பட்ஜெட்டில் இருக்கிறதே, அதை இந்தப் பணத்தில் கொடுத்தால் பட்ஜெட்டில் மிச்சமாகும் பணம் எங்கே போகும்? தலைவர் 'குறித்துக்கொள்கிறோம்' என்றார். அவ்வளவுதான். பொதுமக்கள் பேசும் நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டாயம் இல்லை.

மறுநாளே தகவல் உரிமை மனு அனுப்பிவிட்டேன். இல்லினாய்ஸில் ஐந்து வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும், இன்னும் ஐந்து வேலைநாள் நீட்டிக்கலாம். மின்னஞ்சலே போதும், மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நம்மவர்கள் ஏனோ இதைப் பயன்படுத்துவதே இல்லை. குடியுரிமை இல்லை, ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், கேட்கலாமா என்று கூட்டத்துக்கு வெளியே ஒருவர் தயங்கினார். தாராளமாகக் கேட்கலாம். அந்தச் சட்டத்தில் யார் வேண்டுமானாலும் மனு செய்யலாம்.

டிசம்பர் 3

பள்ளியில் வாசிப்பு உதவியாளர் வேலை போனதைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பள்ளிப் பணத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது வேறு பை. ஆர்ப்பாவில் பள்ளிகளுக்குத் தனியாக 12,200 கோடி. ஒப்பந்தக் கெடு போன செப்டம்பர் 30-லேயே முடிந்துவிட்டது. உங்கள் பள்ளியில் வாசிப்பு உதவியாளர் வேலை போனது அதனால் இருக்கலாம், ஊர் மன்றத்தைத் திட்டிப் பயனில்லை. வாடகை உதவியும் தனிப் பை. சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த சம்பளக் கடனும் தனி.

2020-ல் வந்த முதல் உதவிப் பணமும் வேறு. சிகாகோ நகரம் 28 கோடி டாலருக்கு மேல் போலீஸ் சம்பளத்துக்குக் காட்டியது அந்தப் பணத்தில்தான். அப்போது பெரிய சத்தம் எழுந்தது. ஆர்ப்பாவில் நகரத்துக்கு வந்த 190 கோடியில் ஏறக்குறைய 130 கோடி பட்ஜெட் ஓட்டையை அடைக்கப் போனது. அதற்கு அந்த அளவு சத்தம் எழவில்லை.

டிசம்பர் 8

கூடுதல் ஊதியம் பற்றிக் கேட்டவருக்கு.

விதி தாராளமானது. மணிக்கு 13 டாலர் வரை, ஒருவருக்கு மொத்தம் 25,000 டாலர் வரை. முக்கியமாக, அரசு ஊழியருக்கு மட்டும் இல்லை. தனியார் முதியோர் இல்லம், மளிகைக் கடை, துப்புரவு நிறுவனம் எதில் வேலை செய்தவருக்கும் உள்ளாட்சி மானியமாகக் கொடுக்கலாம்.

என் மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். 2020 ஏப்ரல், மே மாதங்களில் வேலை முடிந்து வந்ததும் கராஜிலேயே உடுப்பை மாற்றிப் பையில் கட்டி வைத்துவிட்டு உள்ளே வருவாள். குழந்தைகள் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பார்கள். அவள் பார்த்துக்கொண்ட பாட்டிகளில் பலர் அந்த வசந்தத்தைத் தாண்டவில்லை. உடன் வேலை செய்த உதவியாளர்களில் பாதிப்பேர் பிலிப்பைன்ஸ், கானா நாட்டுப் பெண்கள். இரண்டு இல்லங்களில் மாறி மாறி வேலை செய்தால்தான் அவர்களுக்கு வாடகை கட்ட முடியும்.

எங்கள் ஊர் கூடுதல் ஊதியம் கொடுத்தது தன் பட்ஜெட்டிலிருந்து, தன் சொந்த ஊழியர்களுக்கு மட்டும். போலீஸ், தீயணைப்பு, பொதுப்பணி, அலுவலகம். தீயணைப்பு வீரர்களுக்குக் கொடுத்ததில் எனக்கு முழுச் சம்மதம். முதியோர் இல்லத்துக்கு ஆம்புலன்ஸில் வந்தவர்களே அவர்கள்தான். ஆனால் அந்த இல்லத்தின் வாசலோடு பட்டியல் நின்றுவிட்டது. விதி தடுக்கவில்லை, பணமும் இருந்தது. யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. அந்த உதவியாளர்களுக்குச் செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக் கூட்டத்துக்கு வர நேரம் ஏது? அந்த நேரத்தில் அவர்கள் இரண்டாவது வேலையில் இருப்பார்கள்.

டிசம்பர் 9

ஒருவர் தனியாக எழுதிக் கேட்டிருந்தார்: இப்போது கேட்டால் கிடைக்குமா? எங்கள் ஊரில் முடியாது, பணம் ஒதுக்கியாகிவிட்டது. உங்கள் ஊரில் டிசம்பர் 31 வரை கதவு திறந்திருக்கிறது. கடைசிக் கூட்டம் எந்தத் தேதி என்று பாருங்கள்.

டிசம்பர் 15

குறையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவருக்கு வருத்தம். நல்லதையும் சொல்கிறேன், நிறையவே இருக்கிறது.

குக் கவுண்டி 1.2 கோடி டாலரை மருத்துவக் கடனைத் தீர்க்க ஒதுக்கியது. ஆஸ்பத்திரிகள் வசூலாகாது என்று கைவிட்ட கடன்களை மொத்தமாக, அடிமாட்டு விலைக்கு வாங்கி ரத்து செய்கிற ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு உண்டு. முன்பு ஆர்.ஐ.பி. மெடிக்கல் டெட், இப்போது அன்டியூ மெடிக்கல் டெட் என்று பெயர். ஒரு டாலருக்குச் சுமார் நூறு டாலர் கடன் கிடைக்கும். 1.2 கோடியில் 100 கோடி டாலர் வரை கடனை ரத்து செய்வது இலக்கு. விண்ணப்பம் கிடையாது. 'உங்கள் கடன் தீர்ந்தது' என்று ஒரு நாள் தபாலில் கடிதம் வரும். ஏமாற்று என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒஹையோவில் டொலீடோ நகரமும் அதன் கவுண்டியும் ஆளுக்கு 8 லட்சம் போட்டு இதையே செய்தன.

வாங்கி ரத்து செய்தால் முடிந்தது, அடுத்த ஆண்டு அதற்குப் பணம் தேட வேண்டியதில்லை. ஒருமுறை வரும் பணத்துக்கு ஒருமுறைச் செலவுதான் பொருந்தும் என்பது என் எண்ணம். குக் கவுண்டி தெற்கே கால்யுமெட் பக்கம், ராபின்ஸ், டோல்டன், ரிவர்டேல் போன்ற ஊர்களில் வெள்ளத் தடுப்பு வேலைக்குக் கொடுத்ததையும் இதில் சேர்ப்பேன். மழை பெய்தால் அடித்தளத்தில் சாக்கடை ஏறும் வீடுகள் அங்கே அதிகம், சொந்தப் பணத்தில் குழாய் பதிக்கும் வசதி அந்த ஊர்களுக்குக் கிடையாது.

மாதம் 500 டாலர் திட்டம் இந்த அளவுகோலில் இடிக்கிறது. இரண்டு ஆண்டு முடிந்ததும் அந்தக் குடும்பங்கள் என்ன செய்யும்? இதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரண்டு ஆண்டில் காரைப் பழுதுபார்த்து வேலைக்குப் போக முடிந்தவருக்கு அது ஒருமுறைச் செலவு மாதிரிதான். வாடகைக்கே போனவருக்கு அப்படி இல்லை.

2025 ஜனவரி 4

மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. ஐந்து நாள் நீட்டிப்பும் எடுத்துக்கொண்டார்கள். வந்தது ஒரு விரிதாள், ஒரு தீர்மான நகல், கருவூலத் துறைக்குக் கொடுத்த அறிக்கை. எதிர்பார்த்தபடி ஒரே வரி: 6.1, போலீஸ் சம்பளம், முழுத் தொகை.

நிதி அதிகாரியை நேரில் பார்க்கக் கேட்டேன், அவர் மறுக்கவில்லை. அவர் சொன்னதை நியாயமாகப் பதிவு செய்கிறேன். ஃபெடரல் பணத்தில் நேரடியாகக் குழாய் பதித்தால் டெண்டர் விதி, ஒப்பந்தக்காரர் சரிபார்ப்பு, ஆவணம் பாதுகாப்பது என்று ஒரு அலமாரி காகிதம். அவர் அலுவலகத்தில் அவரோடு சேர்த்து மூன்று பேர். சம்பளத்துக்குக் காட்டினால் சம்பளப் பதிவேடே ஆதாரம். மிச்சமான சொந்தப் பணத்தில் வழக்கமான விதிப்படி குழாய் பதிக்கலாம். 'இரண்டும் ஒரே குழாய்தான்' என்றார்.

அவர் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது சரி. சின்ன ஊருக்கு அந்தக் காகிதச் சுமை நிஜமாகவே தாங்காது, அதைக் குறைக்கத்தான் கருவூலத் துறையும் அந்தச் சலுகையைக் கொடுத்தது. ஆனால் மிச்சமான பணம் எந்தக் குழாய்க்குப் போனது என்று எழுதி வைக்க ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கம்தான் இல்லை. ஓய்வூதிய நிதியில் போடக் கூடாது, கடன் அடைக்கக் கூடாது, சேமிப்பில் வைக்கக் கூடாது என்று இந்தப் பணத்துக்கு நேரடித் தடைகள் உண்டு. மிச்சமான பணத்துக்கு அந்தத் தடைகள் எதுவும் கிடையாது. சம்பளம் வழியாக ஒரு சுற்றுச் சுற்றினால் தடை எல்லாம் கழன்றுவிடுகிறது.

இரண்டாவது மனு அனுப்பியிருக்கிறேன்: 2021 முதல் பொது நிதியின் இருப்பு, ஆண்டுவாரியாக.

பிப்ரவரி 9

குழாய் பேச்சு வந்ததால் இதையும் எழுதுகிறேன். ஈயக் குழாய்களை மாற்ற இந்த நிதியைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கலாம், விதியிலேயே பெயர் சொல்லி இருக்கிறது. நாட்டிலேயே அதிக ஈயக் குழாய் இணைப்புகள் உள்ள நகரம் சிகாகோ, ஏறக்குறைய நான்கு லட்சம். பழைய புறநகர்களிலும் நிறைய.

உங்கள் வீட்டில் பார்க்க வேண்டுமா? அடித்தளத்தில் தெருப்பக்கச் சுவர் வழியாகத் தண்ணீர்க் குழாய் உள்ளே வந்து மீட்டரில் சேரும் இடத்துக்குப் போங்கள். மீட்டருக்கு முன்னால் உள்ள குழாயில் ஒரு நாணயத்தின் விளிம்பால் மெல்லச் சுரண்டுங்கள். செம்பு என்றால் சென்ட் காசு நிறத்தில் தெரியும். பளபளவென்று வெள்ளியாக மின்னி, காந்தமும் ஒட்டவில்லை என்றால் ஈயம். காந்தம் ஒட்டினால் துத்தநாகம் பூசிய இரும்பு. ஈயக் குழாய் தரையிலிருந்து வரும் இடத்தில் பல்பு மாதிரி கொஞ்சம் புடைத்தும் இருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார், போலந்திலிருந்து வந்தவர். அவர் வீட்டில் போன வாரம் சுரண்டிப் பார்த்தேன், வெள்ளியாக மின்னியது. பேரப்பிள்ளைகள் வாராவாரம் வருகிறார்கள். வடிகட்டிக் குடம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், ஈயத்துக்குச் சான்று பெற்றதா என்று அட்டையைப் பார்த்து. எல்லா வடிகட்டியும் ஈயத்தை எடுக்காது.

மே 4

சின்ன ஊர்கள் ஆண்டறிக்கை தரக் கெடு ஏப்ரல் 30. எங்கள் ஊரும் கொடுத்துவிட்டது, அதே ஒரே வரி. இரண்டாவது மனுவுக்கும் பதில் கிடைத்தது. பொது நிதி இருப்பு 2021-லிருந்து ஏறியிருக்கிறது. இரண்டு தெருக்களில் பிரதான குழாய் மாற்றியிருக்கிறார்கள், பொதுப்பணித் துறைக்கு ஒரு லாரி வாங்கியிருக்கிறார்கள். அதற்கு மேல் கணிசமான தொகை இருப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. திருட்டு எதுவும் இல்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 2026 கெடுவும் இந்தப் பணத்தை இனித் தொடாது, இப்போது அது ஊரின் சொந்தப் பணம்.

அப்படியென்றால் ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். ஏப்ரல் கூட்டத்தில் அந்த மூன்று நிமிடத்தை வைத்து, இருப்பிலிருந்து ஈயக் குழாய் மாற்ற ஒரு பகுதியைத் தனியே ஒதுக்கச் சொன்னேன், முதலில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கும் வாடகை வீடுகளுக்கும். இந்த முறை ஒரு உறுப்பினர் அதை எடுத்துப் பேசினார். ஒரு வீட்டுக்கு என்ன செலவாகும் என்ற மதிப்பீடு ஜூலை கூட்டத்துக்கு வரும், ஒப்புதல் பட்டியலில் இல்லாமல் தனித் தீர்மானமாக. இந்தப் பக்கம் இருப்பவர்கள் அதற்குள் உங்கள் குழாயைச் சுரண்டிப் பாருங்கள். ஈயமாக இருந்தால் படம் எடுத்து, முகவரியோடு ஊர் மன்ற எழுத்தருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, கூட்டத்துக்கும் வாருங்கள். செவ்வாய் இரவு ஏழு மணி. குழந்தைகளையும் கூட்டி வரலாம்.